தளம் எல்லாருக்கும் திறக்கிறது, கூகுளில் மட்டும் இல்லை. ஏன்?

#1 · கரிசல்மண் · திங்கள் இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊரில் 1987 முதல் 2009 வரை வந்த ஒரு காலாண்டிதழின் பழைய இதழ்களைத் தளமாக்கி வைத்திருக்கிறோம். வேர்ட்பிரஸ்தான். ஹோஸ்டிங் பக்கத்து நகரத்து நிறுவனம் ஒன்று. போனில் திறக்கிறது, கம்ப்யூட்டரில் திறக்கிறது, வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் அட்டைப்படத்தோடு அழகாகப் போகிறது. ஃபேஸ்புக்கில் போட்டால் மட்டும் படம் வராது, அது வேறு கதை.

கூகுளில் இதழின் பெயரை அப்படியே தட்டினாலும் எங்கள் தளம் இல்லை. யாரோ எப்போதோ எங்கள் இதழைப் பற்றி எழுதிய ஃபேஸ்புக் பதிவு முதலில் வருகிறது. போன வருடம் வரை முகப்புப் பக்கமாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

ஒருவர் எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்து தருகிறேன், 15,000 ரூபாய் என்கிறார். ஐம்பது மெட்டா கீவேர்டு (பக்கத்துக்குள் மறைவாக எழுதும் தேடுசொல்), இருநூறு பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நமக்கு வரும் லிங்க்), சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) என்று பட்டியல் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? தமிழில் இருப்பதால்தான் கூகுள் கண்டுகொள்ளவில்லையோ என்ற எண்ணமும் இருக்கிறது.

#2 · புதுவைராஜா · திங்கள் இரவு 10:05

சார், பேக்லிங்க் இல்லாம ஒண்ணும் நடக்காது. உங்க டிஏ, அதாவது தளத்தோட செல்வாக்கு மதிப்பெண், அஞ்சுக்குக் கீழதான் இருக்கும். டிஏ 30க்கு மேல இருக்கிற தளங்கள்ல இருந்து லிங்க் வாங்குனா மூணே மாசத்துல முதல் பக்கம். 15,000 அதிகம், நான் பாதியில பண்ணித் தர்றேன். உள்பெட்டிக்கு வாங்க.

#3 · சர்வர்சாமி · திங்கள் இரவு 10:31

கரிசல்மண் சார், யாருக்கும் பைசா கொடுக்காதீங்க. முதல்ல என்ன வியாதின்னு பார்ப்போம்.

"கூகுள்ல வரலை" என்று எல்லாரும் ஒரே வாக்கியமாகச் சொல்கிறார்கள். அதற்குள் மூன்று வேறு வேறு பிரச்சினை இருக்கிறது. கூகுளுக்காகத் தளங்களைப் படித்துவரும் நிரலான கூகுள்பாட் உங்கள் பக்கத்துக்கு வந்து படிக்கவே இல்லை என்பது ஒன்று. வந்து படித்தது, ஆனால் தன் இன்டெக்ஸில் (தேடல் பட்டியலில்) சேர்க்கவில்லை என்பது இரண்டாவது. சேர்த்தும் விட்டது, எட்டாவது பக்கத்தில் கிடக்கிறது என்பது மூன்றாவது. ஒன்றுக்குரிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் காசுதான் போகும். கூகுள்பாட்டால் தளத்தைத் திறக்கவே முடியவில்லை என்று வையுங்கள், அப்போது பேக்லிங்க் வாங்குவது வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது மாதிரி.

இரண்டு வேலை செய்யுங்கள். கூகுளில் "சைட்" என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைத் தட்டுங்கள். எத்தனை பக்கம் வருகிறது என்று தோராயமாகத் தெரியும். அடுத்து, கூகுள் சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் கருவி) தளத்தைச் சேருங்கள். இலவசம்தான். அதில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கட்டுரையின் முகவரியைப் போட்டு "டெஸ்ட் லைவ் யூஆர்எல்" அழுத்தி, வருவதை இங்கே எழுதுங்கள்.

புதுவைராஜா, டிஏ என்பது கூகுளின் அளவே இல்லை. மாஸ் என்ற தனியார் நிறுவனம் போடும் கணிப்பு. கூகுளே பக்கங்களுக்குக் கொடுத்த பேஜ்ரேங்க் எண்ணையாவது ஒரு காலத்தில் பிரவுசர் டூல்பாரில் பார்க்க முடிந்தது, 2016இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

#4 · கீதா_பெங்களூரு · செவ்வாய் காலை 8:12

சாமி சொன்னதோடு இதையும் பாருங்கள். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். "டிஸ்கரேஜ் சர்ச் என்ஜின்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது டெவலப்பர்கள் அதில் டிக் போட்டு வைப்பார்கள், வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். பெரிய கம்பெனித் தளங்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். வேர்ட்பிரஸ் 5.3 முதல் அந்த டிக் ஒவ்வொரு பக்கத்திலும் நோஇன்டெக்ஸ் (பட்டியலில் சேர்க்காதே) என்ற குறியைப் போட்டுவிடும்.

மெட்டா கீவேர்டுக்குக் காசு கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

#5 · வடலி · செவ்வாய் காலை 8:50

கரிசல்மண் அண்ணை, நான் டொரன்டோவில இருக்கிறன். உங்கட மன்றக் கணக்குக் குறிப்பில இருக்கிற தள முகவரியைத் தட்டிப் பார்த்தன். எனக்குத் தளம் திறக்கேல்லை. வெள்ளைப் பக்கத்தில 403 ஃபர்பிடன் (உள்ள வர அனுமதி இல்லை) எண்டு மட்டும் வருது. போனிலயும் அப்பிடித்தான். உங்களுக்கு வடிவாத் திறக்குது எண்டு சொல்லுறியள், அதுதான் யோசனையாக் கிடக்கு.

#6 · சர்வர்சாமி · செவ்வாய் காலை 9:02

வடலி, முக்கால்வாசி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

#1இல் அவரே போகிறபோக்கில் ஒரு துப்புக் கொடுத்திருந்தார். நான்தான் வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் வருகிறது, ஃபேஸ்புக்கில் வரவில்லை. வாட்ஸ்அப் முன்னோட்டத்தை அனுப்புகிறவர் போனே தளத்துக்குப் போய் எடுத்துவருகிறது. ஃபேஸ்புக் முன்னோட்டத்தை அவர்களுடைய சர்வர் வந்து எடுக்கிறது, அது வெளிநாட்டிலிருந்து வருகிறது. கூகுள்பாட்டும் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்துதான் வரும். யாரோ வெளிநாட்டு டிராஃபிக்கை மொத்தமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். கன்சோல் முடிவு வரட்டும்.

#7 · கரிசல்மண் · செவ்வாய் இரவு 10:20

டிக் இல்லை, பார்த்துவிட்டேன். "சைட்" போட்டுத் தேடினால் ஒரு பக்கம்கூட வரவில்லை.

கன்சோலில் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. அவர்கள் கொடுத்த ஃபைலைத் தளத்தில் ஏற்றினேன், உரிமையை உறுதிசெய்ய முடியவில்லை என்றது. பிறகு தம்பி ஒருவர் தள முகவரியின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற குறிப்பைப் போட்டுக் கொடுத்தார், உடனே ஏற்றுக்கொண்டது. லைவ் டெஸ்ட் போட்டதில் "பிளாக்டு ட்யூ டு ஆக்சஸ் ஃபர்பிடன் (403)". சைட்மேப் கொடுத்தால் "குட்நாட் ஃபெட்ச்" (எடுக்க முடியவில்லை).

#8 · சர்வர்சாமி · செவ்வாய் இரவு 10:44

சந்தேகமே இல்லை. நீங்கள் ஏற்றிய ஃபைலைக்கூட கூகுளால் வந்து பார்க்க முடியவில்லை. டிஎன்எஸ் வேறு வழி என்பதால் அது மட்டும் வேலை செய்தது.

ஹோஸ்டிங்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஃபயர்வாலில் நாடு வாரியாகத் தடை போட்டிருக்கிறீர்களா?" சும்மா "கூகுளில் வரவில்லை" என்றால் "உங்கள் தளம் நன்றாக ஓடுகிறதே சார்" என்று பதில் வரும். அவர்கள் பார்க்கும் இடத்திலிருந்து அது நன்றாகத்தான் ஓடும்.

"கூகுள்பாட் என்று பெயர் சொல்லி வருவதை மட்டும் விடுகிறோம்" என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாம், திருட்டு பாட்கள் அதைத்தான் செய்கின்றன. ஐபியை ரிவர்ஸ் டிஎன்எஸ் (எண்ணிலிருந்து பெயரைத் தேடுவது) போட்டுப் பார்த்து கூகுளின் டொமைனில் முடிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அல்லது கூகுள் வெளியிட்டிருக்கும் ஐபி பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கோ வெளிநாட்டு வாசகர்களும் இருக்கிறார்கள். நாட்டுத் தடையை எடுத்துவிட்டு லாகின் பக்கத்துக்கு மட்டும் காவல் போடச் சொல்வதுதான் நேர் வழி.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. பாட்கள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் ஃபைல் இல்லை என்று 404 வந்தால் கூகுள் தடை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். அதே ஃபைலைக் கேட்கும்போது சர்வர் 500, 503 என்று பிழை கொடுத்தால் முழுத் தளத்தையும் தொடாமல் நிறுத்திவிடும். ஃபைல் இல்லாததைவிட ஃபைல் தடுமாறுவது ஆபத்து. மலிவு ஹோஸ்டிங்கில் இரவில் சர்வர் திணறும்போது இது நடக்கும், பகலில் பார்க்கிற நமக்குத் தெரியாது.

#9 · தேனிக்காரன் · புதன் மதியம் 1:15

இதிலேயே கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது பிளாகர். சமையல் குறிப்புகள். கன்சோலில் "பிளாக்டு பை ரோபாட்ஸ்" என்று நூறு பக்கத்துக்கு மேல் சிவப்பாக நிற்கிறது. யூடியூபில் ஒருவர் சொன்னதைப் பார்த்து கஸ்டம் ரோபாட்ஸ் ஹெடர் டேக்ஸ் எல்லாவற்றையும் ஆன் செய்தேன். இப்போது வந்துகொண்டிருந்த பதிவுகளும் காணோம்.

#10 · கீதா_பெங்களூரு · புதன் மதியம் 1:40

தேனிக்காரன், அந்தச் சிவப்பைத் தொடாமலே விட்டிருக்கலாம். பிளாகரின் ரோபாட்ஸ் ஃபைல் தேடல் பக்கங்களுக்கு இயல்பாகவே தடை போடும். உங்கள் லேபிள் பக்கங்கள் எல்லாம் அந்த முகவரிக்குக் கீழேதான் வருகின்றன. அவை கூகுளில் வரத் தேவையே இல்லை. முகவரி முடிவில் எம்=1 என்று வரும் மொபைல் பக்கங்களும் கன்சோலில் நிற்கும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: ஹெடர் டேக்ஸ் பகுதியில் "போஸ்ட் அண்ட் பேஜ் டேக்ஸ்" என்பதைத் திறந்து பாருங்கள். நோஇன்டெக்ஸ் ஆன் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதை அணையுங்கள். பதிவுகள் மெல்லத் திரும்பி வரும்.

பொதுவாக எல்லாருக்கும் ஒன்று. ரோபாட்ஸ் தடையும் நோஇன்டெக்ஸும் ஒன்றல்ல. ரோபாட்ஸ் தடை "உள்ளே வந்து படிக்காதே" என்கிறது. நோஇன்டெக்ஸ் "படி, ஆனால் பட்டியலில் சேர்க்காதே" என்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாட் உள்ளே வராது, நோஇன்டெக்ஸ் குறியையும் பார்க்காது, வேறு தளங்களின் லிங்க்கை வைத்து வெறும் முகவரியை மட்டும் தேடலில் காட்டினாலும் காட்டும். ஒரு பக்கத்தை மறைக்க நினைப்பவர்கள் இரண்டையும் பூட்டி, அதனாலேயே மறைக்க முடியாமல் நிற்பார்கள்.

#11 · நடுவர் · புதன் மதியம் 2:00

பிளாகர் கேள்விகளுக்கு இனித் தனி இழை தொடங்கவும். புதுவைராஜா, இங்கே வியாபாரம் வேண்டாம். இரண்டாவது முறை சொல்கிறேன்.

#12 · கரிசல்மண் · வெள்ளி காலை 7:30

ஹோஸ்டிங்காரர் ஒப்புக்கொண்டார். போன வருடம் லாகின் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து தாக்குதல் வந்ததாம், அவர்களுடைய எல்லா வாடிக்கையாளர் தளங்களுக்கும் இந்தியா தவிர மற்ற நாடுகளை அடைத்துவிட்டார்களாம். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எடுத்துவிட்டார்கள். லைவ் டெஸ்ட் பச்சையாக வருகிறது, சைட்மேப்பும் ஏற்றுக்கொண்டது. வடலி, சாமி, கீதா மேடம், நன்றி.

#13 · வடலி · வெள்ளி காலை 7:55

ஓம், இப்ப எனக்கும் திறக்குது. நல்ல இதழ். பிறகு ஆறுதலா வாசிக்கிறன்.

#14 · நிஷா_கேஎல் · சனி மாலை 6:18

என் தம்பி கடைக்கு ரியாக்டில் (ஜாவாஸ்கிரிப்டில் தளம் கட்டும் கருவி) ஒரு தளம் செய்தான். முகப்பு மட்டும் கூகுளில் வருகிறது, எந்தப் பொருளும் வரவில்லை. 403 எல்லாம் இல்லை.

#15 · சர்வர்சாமி · சனி மாலை 6:40

முகவரியில் ஹேஷ் (#) குறிக்குப் பிறகு பொருளின் பெயர் வருகிறதா? அப்படியென்றால் அதுதான் காரணம். ஹேஷுக்குப் பின்னால் இருப்பதை கூகுள் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்ளாது, அதன் கணக்கில் உங்கள் கடை முழுக்க ஒரே பக்கம். தம்பியிடம் ஹேஷ் இல்லாமல் தனித்தனி முகவரி தரும் ஹிஸ்டரி ஏபிஐ ரூட்டிங்குக்கு மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் சர்வரிலேயே பக்கத்தை முழுசாகத் தயார்செய்து அனுப்பச் சொல்லுங்கள். கூகுள்பாட் 2019 முதல் புதிய குரோம் என்ஜினைக் கொண்டு ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கிறது, உண்மை. மற்ற பாட்கள் எல்லாம் அவ்வளவு பொறுமையாக இருக்காது. இல்லாத பொருளைத் திறந்தால் "கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டு 200 (எல்லாம் சரி) அனுப்பாமல் 404 (பக்கம் இல்லை) அனுப்பச் சொல்லவும் மறக்காதீர்கள்.

#16 · கரிசல்மண் · சில வாரங்கள் கழித்து, ஞாயிறு இரவு 8:10

மீண்டும் நான்தான். முகப்பு வந்துவிட்டது, இதழின் பெயரைத் தட்டினால் முதலில் நிற்கிறது. 2006க்குப் பிந்தைய கட்டுரைகளில் பல வந்திருக்கின்றன. ஆனால் பழைய இதழ்கள் வரவே இல்லை. கன்சோலில் "கிரால்டு – கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு" என்று ஆயிரக்கணக்கில் காட்டுகிறது. எங்களிடம் அத்தனை கட்டுரையே கிடையாது! "ரெக்வெஸ்ட் இன்டெக்ஸிங்" அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்துவிட்டது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அதுவும் நிறுத்திவிடுகிறது.

#17 · கீதா_பெங்களூரு · ஞாயிறு இரவு 8:45

வந்து படித்தது, சேர்க்க வேண்டாம் என்று முடிவுசெய்தது. அதற்குத்தான் இந்த வாசகம். "டிஸ்கவர்டு" என்றிருந்தால் இன்னும் படிக்கவே வரவில்லை என்று அர்த்தம். "கிரால்டு" என்றால் பெரும்பாலும் பக்கத்தின் தரம். உள்ளடக்கம் குறைவாகவோ, வேறு இடத்தில் இருப்பதன் நகலாகவோ இருக்கும். எல்லாப் பக்கத்தையும் சேர்ப்பேன் என்று கூகுள் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை, அவர்கள் வழிகாட்டியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

#18 · கரிசல்மண் · ஞாயிறு இரவு 9:01

தரம் என்றால் என்ன மேடம்? அந்த இதழ்களில் எழுதியவர்கள் சாதாரண ஆட்களா? வேறு எங்கேயும் கிடைக்காத நேர்காணல்கள் இருக்கின்றன. நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. செய்தியைத் திருடிப் போடும் தளங்கள் எல்லாம் மேலே நிற்கின்றன. இதைத்தான் முதலிலேயே கேட்டேன், தமிழ் என்றால் அவர்களுக்கு இளக்காரம்.

#19 · புதுவைராஜா · ஞாயிறு இரவு 9:20

அப்பவே சொன்னேன். கிரால் பட்ஜெட், அதாவது கூகுள்பாட் ஒரு தளத்தைப் படிக்க ஒதுக்குற அளவு, தீர்ந்துபோச்சு. அதுக்கு அத்தாரிட்டி வேணும்.

#20 · கீதா_பெங்களூரு · ஞாயிறு இரவு 9:34

கிரால் பட்ஜெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது பத்து லட்சம் பக்கத்துக்கு மேல் உள்ள தளங்களும், தினமும் மாறும் பல்லாயிரம் பக்கங்கள் உள்ள தளங்களும்தான் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒரு சிற்றிதழ்த் தளத்துக்கு அந்தப் பேச்சு எதற்கு? காசு கொடுத்து லிங்க் வாங்குவதைக் குறிவைத்து கூகுளின் பெங்குவின் என்ற தேடல் மாற்றம் வந்தது 2012 ஏப்ரலில். இன்னும் அதே சரக்கை விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

கரிசல்மண் சார், கோபம் புரிகிறது. உங்கள் கட்டுரை தரமில்லை என்று நான் சொல்லவில்லை. கூகுள் கண்ணுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி. பழைய பக்கம் ஒன்றின் லிங்க் கொடுங்கள்.

#21 · வடலி · ஞாயிறு இரவு 11:50

லிங்க் தேவையில்லை, நான் பார்த்திட்டன். அண்ணை, 1994ஆம் ஆண்டு இதழில ஒரு கட்டுரையைத் திறந்து ஒரு பந்தியை கொப்பி பண்ணி நோட்பேட்டில ஒட்டிப் பாருங்கோ. தமிழ் வராது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வரும்.

அது பாமினி எழுத்துரு. எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில எல்லாத்தையும் பாமினியிலதான் தட்டினவை. பாமினியில "தமிழ்" எண்டு தெரியிற இடத்தில உண்மையில இருக்கிறது ஜே, கே, பி, ஓ எண்ட நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அதுக்கு மேல தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுது. உங்கட தளம் அந்த எழுத்துருவைத் தானே இறக்கிக் காட்டுறபடியால எல்லாற்றை கண்ணுக்கும் வடிவான தமிழ். கூகுளுக்கு அது ஒரு சொல்லும் விளங்காத குப்பை.

#22 · கரிசல்மண் · திங்கள் காலை 6:15

ஒட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். முதல் தளத்தை 2003இல் பாரிஸில் இருந்த நண்பர் ஒருவர் யாஹூவின் இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸில் செய்தார். 2009 அக்டோபரில் யாஹூ அதை இழுத்து மூடியபோது பக்கங்களைச் சேமித்துக் கொடுத்தார். தளம் கட்டிய பையன் அவற்றை அப்படியே வேர்ட்பிரஸில் ஏற்றியிருக்கிறான். 2006க்குப் பிந்தையவை நாங்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் தட்டியவை.

#23 · சர்வர்சாமி · திங்கள் காலை 7:05

வடலிக்கு ஒரு டீ. நான் சர்வர் லாகையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், இதை யோசித்திருக்க மாட்டேன்.

இது இவர் ஒருவர் கதை மட்டும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு தமிழ் நாளிதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது, ஒன்றின் குறியீடு இன்னொன்றில் ஓடாது. அதைத் தீர்க்க டிஸ்கி என்ற பொதுக் குறியீடு வந்தது, 1999 சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரப்பாடு வந்தன, கடைசியில் யூனிகோடு எல்லாவற்றையும் விழுங்கியது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல். அதற்கு முன் இணையத்தில் ஏறிய தமிழில் எவ்வளவோ இன்றும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் கிடக்கிறது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் போன்றவர்கள் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள், அதனால் அவர்கள் நூல்களில் ஒரு வரியைத் தட்டினாலும் வருகிறது. மாற்றாதவர்கள் "கூகுள் தமிழை மதிப்பதில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கரிசல்மண் சார், கோபிக்க வேண்டாம்.

#24 · வடலி · திங்கள் காலை 7:40

மாற்றுறது பெரிய வேலை இல்லை. என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கு, பொங்குதமிழ் மாற்றி இருக்கு, இரண்டும் பாமினியை எடுக்கும். ஆனா பக்கத்தின்ர சோர்ஸை முழுசாக் குடுக்காதேங்கோ. எச்டிஎம்எல் குறிகளையும் தமிழாக்கிக் குழப்பிப்போடும். கட்டுரைக்குள்ள வாற ஆங்கிலப் பெயர்களும் அப்பிடித்தான், சேர்ந்து மாறி அர்த்தமில்லாத தமிழாய் வரும். எழுத்தை மட்டும் எடுத்து மாற்றி, ஒருக்கால் வாசிச்சுப் பார்த்துப் போடுங்கோ.

ஔ எழுத்தையும் கவனியுங்கோ. "ஔவை" எண்டு ஒரே எழுத்தா இருக்க வேணும். கனபேர் ஒ போட்டுப் பக்கத்தில ள போட்டு "ஒளவை" எண்டு தட்டி வைச்சிருக்கினம். கண்ணுக்கு ஒண்டுதான், கணினிக்கு வேற சொல். "கௌரவம்" எண்டதும் "கெளரவம்" எண்டு கிடக்கும்.

#25 · கீதா_பெங்களூரு · திங்கள் காலை 9:30

அந்த "ஆயிரக்கணக்கு" எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஸ்கேன் செய்த ஒவ்வொரு பக்கப் படத்துக்கும் வேர்ட்பிரஸ் தனியாக ஒரு அட்டாச்மென்ட் பக்கம் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு எண், வேறு எதுவும் இல்லை. 6.4 பதிப்பிலிருந்து, அதாவது 2023 நவம்பரிலிருந்து, புதிதாக நிறுவும் தளங்களில் இவை அணைந்தே வரும். உங்களுடையது அதற்கு முந்தையது. யோஸ்ட் மாதிரி ஒரு ப்ளக்இன் போட்டு அவற்றைப் படத்துக்கே திருப்பிவிடலாம்.

வெறும் ஸ்கேன் படமாக மட்டும் இருக்கும் இதழ்களை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை எடுப்பது) செய்யாமல் வழியில்லை. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே எடுக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நூல்களை கூகுள் ஓசிஆரில் எடுத்துத்தான் மெய்ப்புப் பார்க்கிறார்கள். மெய்ப்பு கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, பக்கத் தலைப்புகள். எல்லாவற்றிலும் "இதழ் 27", "இதழ் 28". யார் வந்து "இதழ் 28" என்று தேடப் போகிறார்கள்? கட்டுரையின் பெயர், எழுதியவர் பெயர், நேர்காணல் என்றால் யாருடையது, இவைதான் தலைப்பில் இருக்க வேண்டும். பக்கங்கள் சேர்ந்த பிறகு எத்தனையாவதாக வருகிறீர்கள் என்பதை இது பெருமளவு தீர்மானிக்கும்.

#26 · சர்வர்சாமி · திங்கள் மாலை 5:50

தலைப்பை மாற்றும்போதே முகவரியையும் பாருங்கள். தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழில் வைக்கும். உள்ளுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாகப் பிரியும். மெய்ப்புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு, "தமிழ்" என்பதற்கே 45 எழுத்து. வேர்ட்பிரஸ் அந்தப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200. ஆகவே இருபத்திரண்டு குறிக்கு மேல் போனால் வாலை வெட்டிவிடும். உங்கள் இதழ் பெயரும் "காலாண்டிதழ்" என்ற சொல்லுமே அதைத் தின்றுவிடுகின்றன. மாதமும் வருடமும் வெட்டுப்பட்டு எல்லா முகவரியும் ஒரே மாதிரி ஆகி, கடைசியில் 2, 3, 4 என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனால் இன்டெக்ஸ் ஆகாமல் போகாது. ஆனால் பகிரும்போது உடையும், பார்ப்பவருக்கும் எந்த இதழ் என்று தெரியாது. சிறியதாக ஒன்றை நீங்களே வையுங்கள். ஏற்கெனவே கூகுளில் ஏறிவிட்ட பக்கங்களின் முகவரியை மாற்றினால் 301 போட்டுப் பழையதைப் புதியதற்குத் திருப்ப வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டரிலும் தளத்தைச் சேருங்கள். டக்டக்கோ தேடுபொறியில் வரும் சாதாரண முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்துதான் வருகின்றன. இன்டெக்ஸ்நவ் என்று 2021இல் வந்த ஏற்பாடு இருக்கிறது. பக்கம் மாறியதும் நாமே பிங்குக்கும் ரஷ்யத் தேடுபொறி யான்டெக்ஸுக்கும் தகவல் கொடுக்கலாம், ப்ளக்இன் உண்டு. கூகுள் அதில் சேரவில்லை.

#27 · புதுவைராஜா · திங்கள் இரவு 8:00

அப்ப லிங்க்கே வேண்டாமா? எல்லாரும் சேர்ந்து என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க.

#28 · கீதா_பெங்களூரு · திங்கள் இரவு 8:25

லிங்க் வேண்டும், விலைக்கு வேண்டாம். இந்த இதழில் எழுதியவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது, எத்தனை பேர் சொந்தமாக வலைப்பூ வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஈழத் தமிழ் நூல்களைச் சேமிக்கும் "நூலகம்" தளத்தை நடத்துகிறவர்கள், ஆய்வு மாணவர்கள், இவர்களுக்கு இந்தத் தளம் இருப்பது தெரிந்தால் தேவைப்படும் இடத்தில் அவர்களே சுட்டுவார்கள். விக்கிப்பீடியா லிங்க்கில் நோஃபாலோ (வரிசைப்படுத்த இதைக் கணக்கில் எடுக்காதே என்ற குறி) உண்டுதான். இருந்தாலும் அதைப் பார்த்து ஆட்கள் வருவார்கள், வருகிறவர்கள் வேறு எங்காவது எழுதுவார்கள். வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு புதுத் தளம் நாலு பேர் கண்ணில் படுவது எளிதாக இருந்தது. இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குழுவுக்குள் நடக்கிறது, கூகுளால் அங்கே எட்டிப் பார்க்க முடியாது.

#29 · கரிசல்மண் · இன்னும் சில வாரம் கழித்து, புதன் இரவு 9:10

1990 முதல் 1995 வரை உள்ள கட்டுரைகளை மாற்றி முடித்தோம். நேற்று ஒரு நேர்காணலின் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்து கூகுளில் தட்டினேன். எங்கள் பக்கம் மட்டும்தான் வந்தது. அட்டாச்மென்ட் பக்கங்களின் எண்ணிக்கையும் கன்சோலில் இறங்கிக்கொண்டே வருகிறது. மாற்றாத இதழ்கள் அப்படியே வெளியில் நிற்கின்றன.

பொதுவாக "சிற்றிதழ்" என்று தேடினால் நாங்கள் எங்கோ பின்னால்தான் இருக்கிறோம். அது பரவாயில்லை, அப்படித் தேடி எங்களிடம் வருகிறவர்கள் குறைவு.

ஒரு சந்தேகம். 2005 இதழ்கள் சில பிடிஎஃப்பாகத்தான் இருக்கின்றன, டிடிபி கடையில் செய்தவை. திறந்தால் எழுத்து கூர்மையாகத் தெரிகிறது, ஸ்கேன் இல்லை. அவை கூகுளுக்குப் புரியுமா?

#30 · வடலி · புதன் இரவு 11:30

அதுக்கும் அதே சோதனைதான் அண்ணை. பிடிஎஃப்ஐத் திறந்து கண்ட்ரோல் எஃப் அடிச்சு, கண்ணுக்கு முன்னால தெரியிற ஒரு தமிழ்ச் சொல்லை யூனிகோடில தட்டித் தேடுங்கோ. கிடைச்சால் விடுங்கோ. கிடைக்காட்டி எந்த எழுத்துரு எண்டு பிடிஎஃப்இன்ர ப்ராப்பர்ட்டீஸில ஃபான்ட்ஸ் பகுதியில பெயர் இருக்கும், அதை இங்க எழுதுங்கோ. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் எதுவெண்டாலும் அதுக்கேற்ற மாற்றி ஒண்டு தேடிப் பாப்பம். சில பிடிஎஃப்இல கொப்பி பண்ணேக்கை ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி வரும், அப்பிடியெண்டால் ஓசிஆர் எடுக்கிறதுதான் சுகம். மாற்றின பந்தியை பிடிஎஃப்க்குப் பக்கத்தில சாதாரணப் பக்கமாவும் போடுங்கோ. டொரன்டோவில போனில வாசிக்கிற எங்களுக்கும் அதுதான் வசதி.